ஓடுகிறவனின் சந்தேகம்

புதிதாக ஓடத் தொடங்குகிறவர்களின் உடம்பைக் கவனித்துக்கொள்ள நூல்களுக்குப் பஞ்சமில்லை. எந்த மாதிரிக் காலணி வாங்குவது, என்ன சாப்பிடுவது, வாரத்துக்கு எவ்வளவு தூரம் கூட்டுவது என்றெல்லாம் விவரமாகச் சொல்லிவிடுகிறார்கள். மனசு விஷயத்துக்கு வரும்போது மட்டும் இந்த நூல்கள் சட்டென்று உபதேசத்தில் இறங்கிவிடுகின்றன. 'உன்னால் முடியும்' என்று தோளில் தட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகின்றன.

மூன்று கிலோமீட்டர் ஓடிப் பழகிய ஒருவர் முதல் தடவையாகப் பத்துக் கிலோமீட்டர் ஓடுவதென்று தீர்மானித்திருக்கிறார். முதல் நாள் இரவு அவருக்குத் தூக்கம் வருவதில்லை. இரண்டாவது கிலோமீட்டரிலேயே உள்ளிருந்து ஒரு குரல், 'இன்னும் எட்டு இருக்கிறது; இப்போதே இப்படி மூச்சு வாங்குகிறதே' என்கிறது. அந்தக் குரல் யாருடையது? அதற்கு என்ன பதில் சொல்லுவது? இதைச் சொல்ல வேண்டியவன் வைத்தியனும் அல்ல, பயிற்சியாளனும் அல்ல. மனிதர்களின் மனசுக்குள் நடப்பதை எழுதுவதே தொழிலாகக் கொண்ட கதாசிரியன்தான். அப்படிச் சொல்ல முயன்ற இருவரை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் ஜப்பானிய நாவலாசிரியர் ஹாருகி முரகாமி. மற்றவர் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்தில் பிறந்த ஆலன் சில்லிடோ.

முரகாமியின் நூல் 2007இல் ஜப்பானிய மொழியில் வந்தது. பிலிப் கேப்ரியல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2008இல் வெளியாயிற்று. ஓடுவதைப் பற்றிப் பேசும்போது தாம் எதைப் பேசுகிறார் என்பதுதான் தலைப்பின் பொருள். ரேமண்ட் கார்வரின் சிறுகதைத் தொகுதி ஒன்றின் தலைப்பைத் தழுவி வைத்தது அது. நாவலல்ல, சுய சரித்திரமென்றும் சொல்லிவிட முடியாது. ஓட்டத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு ஓர் எழுத்தாளர் தம்மைப் பற்றிப் பேசிப் பார்க்கிற நூல்.

முரகாமி ஓடத் தொடங்கியது 1982ஆம் வருஷத்து இலையுதிர் காலத்தில். அப்போது அவருக்கு வயது 33. டோக்கியோவில் தாம் நடத்திவந்த ஜாஸ் சங்கீத மதுக்கூடத்தை விற்றுவிட்டு, இனி எழுத்துத்தான் தொழில் என்று உட்கார்ந்துவிட்ட சமயம். உட்கார்ந்தே இருந்ததால் உடம்பு பெருக்கத் தொடங்கியது. நாளைக்கு 60 சிகரெட் வேறு. நிலைமை இப்படியிருக்க, ஒரு நாள் அவர் தெருவில் இறங்கி ஓடுகிறார். இருபது முப்பது நிமிஷத்துக்குமேல் ஓட முடியவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கால் நடுங்குகிறது. அக்கம்பக்கத்தார் பார்ப்பார்களே என்று கூச்சமாக இருக்கிறது. தம் பெயருக்குப் பக்கத்தில் 'நாவலாசிரியர்' என்று அச்சாகியிருந்ததை முதலில் பார்த்தபோது வந்த கூச்சத்தோடு இதை அவர் ஒப்பிடுகிறார்.

நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். புதிதாக ஓடுகிறவனின் சந்தேகத்தில் பாதி கால்களைப் பற்றியதே அல்ல என்று இந்த ஓர் ஒப்பீடு காட்டிவிடுகிறது. 'நான் ஓடுகிறவன்தானா? அந்தப் பெயருக்கு எனக்கு உரிமை உண்டா?' என்பதுதான் அவனை உறுத்துகிற கேள்வி. வயசுக்கு வந்தபிறகு எதையாவது புதிதாகக் கற்றுக்கொள்ளத் துணிகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். ஐம்பது வயசில் வீணை கற்றுக்கொள்ளப் போகிற அம்மாளுக்கும் தெரியும்.

ஆனால் முரகாமி இந்த இடத்தில் நிற்பதில்லை. சில பாராக்களிலேயே அவருக்கு ஓட்டம் பழகிப்போய்விடுகிறது. மூச்சு சீராகிறது, நாடி நிதானப்படுகிறது, நூல் மேலே போய்விடுகிறது. ஒரு நாவலாசிரியர் இவ்வளவு அவசரமாக இந்தக் கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டாம் என்பது என் முதல் குறை. வாசகர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் எட்டிய தூரங்கள் அவர்களுக்குச் செய்தி மட்டுமே.

அடுத்த வருஷம், 1983 ஜூலையில், அவர் கிரேக்க நாட்டுக்குப் போகிறார். ஒரு பத்திரிகைக் கட்டுரைக்காக ஏதென்ஸிலிருந்து மாரதான் வரைக்கும், பழைய கதையில் வரும் வழியைத் தலைகீழாகத் திருப்பி, தன்னந்தனியாக ஓடுகிறார். மாரதான் பந்தயத்தின் முழுத் தூரத்துக்குக் கிட்டத்தட்ட அவர் ஓடியது அதுதான் முதல் தடவை. கோடைகால வெயில். பக்கத்தில் வண்டியில் புகைப்படக்காரர். சாலையில் அடிபட்டுக் கிடக்கும் நாய்களையும் பூனைகளையும் எண்ணிக்கொண்டே போகிறார். கடைசிச் சில மைல்களில் எல்லாவற்றின்மேலும் அவருக்குக் கோபம் வந்துவிடுகிறது. படம் எடுக்கிறவர்மேல் கோபம். வயலில் நிம்மதியாகப் புல் மேய்கிற ஆடுகள்மேல்கூடக் கோபம்.

இதைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் இதில் உண்மை இருக்கிறது. மனசில் எழும் சந்தேகம் எப்போதும் சந்தேக வேஷத்திலேயே வருவதில்லை. கோபமாக வரும், அலுப்பாக வரும். 'இன்றைக்கு ஆபீஸில் வேலை அதிகம்' என்ற நியாயமான காரணமாகவும் வரும். அந்த ஓட்டம் முழுவதும் குளிர்ந்த பீர் ஒன்றை நினைத்துக்கொண்டே வருகிறார் முரகாமி. முடித்தபிறகு குடிக்கிறார். நினைத்துப் பார்த்த பீருக்கு நிஜப் பீர் ஈடாகவில்லை. கற்பனை பரிசைப் பெரிதாக்கிக் காட்டிவிட்டது. அதே கற்பனைதான் பத்துக் கிலோமீட்டரையும் முதல் நாள் இரவில் பெரிதாக்கிக் காட்டுகிறது. இதை முரகாமி எங்கும் விளக்கிச் சொல்லவில்லை. சம்பவத்தைச் சொல்லிவிட்டு வாசகனிடம் விட்டுவிடுகிறார். கலைஞன் வேலை அது.

இங்கே விஞ்ஞானத்துக்கும் ஓர் இடம் உண்டு. 2009இல் வேல்ஸில் பாங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் மார்கோராவும் அவருடைய சகாக்களும் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 16 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு நாள் 90 நிமிஷம் மூளையைக் கசக்கும் வேலை ஒன்றைக் கொடுத்தார்கள். இன்னொரு நாள் அதே நேரத்துக்குச் சாதுவான படங்களைப் பார்க்கச் சொன்னார்கள். இரண்டு நாளும் அதன் பிறகு, இனி முடியாது என்கிற வரைக்கும் சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். மூளை களைத்த நாளில் அவர்கள் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். இதயமோ மூச்சோ அன்று கெட்டுப்போய்விடவில்லை. அதே சிரமம் அன்று பெரிய சிரமமாகத் தோன்றியது, அவ்வளவுதான். நாள் முழுவதும் கணக்குப் புத்தகத்தோடு மல்லாடிவிட்டு மாலையில் ஓடப்போகிறவருக்கு 'என்னால் முடியாது' என்று தோன்றினால், அதை அவர் தம் கால்கள் கொடுத்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அதற்காக எல்லாக் குரல்களையும் அடக்கிவிட வேண்டுமென்று அர்த்தமில்லை. நெஞ்சில் வலி, தலைசுற்றல், மூட்டில் குத்து இவையெல்லாம் சந்தேகங்கள் அல்ல, செய்திகள். அவை வந்தால் நிறுத்தத்தான் வேண்டும். சந்தேகத்தையும் செய்தியையும் பிரித்தறிகிற விவேகம் ஓடி ஓடித்தான் வரும்.

முரகாமியின் நூலில் சிகரமான பகுதி, 1996 ஜூனில் ஹொக்கைடோ தீவில் சரோமா ஏரிக் கரையில் அவர் ஓடிய 100 கிலோமீட்டர் ஓட்டம். 55ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு உடம்பின் ஒவ்வொரு பாகமும் முறைவைத்துக்கொண்டு முறையிடுகிறது. தாம் மனிதனல்ல, ஓர் இயந்திரம் என்று தமக்குத்தாமே ஜபம்போலச் சொல்லிக்கொள்கிறார். முன்னால் இருக்கும் மூன்று மீட்டர் தரையை மட்டும் பார்க்கிறார். 75ஆவது கிலோமீட்டர் வாக்கில் ஏதோ ஒரு சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டதுபோல் இருக்கிறது. 11 மணி 42 நிமிஷத்தில் ஓட்டத்தை முடிக்கிறார்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவது இதைத்தான். 'முடியுமா?' என்ற கேள்விக்கு நூறு கிலோமீட்டரையும் ஒரே பார்வையில் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. மூன்று மீட்டருக்கு யாராலும் பதில் சொல்ல முடியும். நாவல் எழுதுகிறவனுக்கும் இதே கதிதான். நானூறு பக்கத்தை நினைத்தால் பேனா ஓடாது. இன்றைய பக்கத்தை நினைத்தால் ஓடும். இன்னும் எழுத முடியும் என்று தோன்றுகிற இடத்திலேயே அன்றன்று நிறுத்திவிடுவது தம் வழக்கம் என்கிறார் முரகாமி. ஓட்டத்திலும் அப்படியே. நாளைக்கு மிச்சம் வைக்கிறவனுக்கு நாளை பயமாக இராது.

ஒரு விஷயத்தில் நான் அவரோடு முரண்படுகிறேன். தாம் ஒருபோதும் நடந்ததில்லை, கடைசிவரை ஓடியேதான் முடித்திருக்கிறார் என்பதில் அவருக்கு ஒரு பெருமை. தம் கல்லறையில் பொறிக்கத் தக்க வாசகமாகவே அதைச் சொல்லுகிறார். அவருக்கு அது பொருந்தலாம். புதியவருக்கு இது நல்ல பாடமல்ல. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் அமெரிக்காவின் சார்பில் கலந்துகொண்ட ஜெஃப் காலவே, பிற்பாடு புதியவர்களுக்குப் போதித்தது இதற்கு நேர்மாறானது: களைப்பதற்கு முன்பே, ஆரம்பத்திலிருந்தே, கொஞ்சம் ஓடு, கொஞ்சம் நட. ஒலிம்பிக் வீரரே நடக்கச் சொல்லுகிறார். நாவலாசிரியர் நடப்பதை மானக்குறைவாக நினைக்கிறார்! நடந்தால் தோல்வி என்று நம்புகிறவர் முதல் தடவை நடக்க நேர்ந்ததுமே வீட்டுக்குத் திரும்பிவிடுவார். நடப்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டவர் பத்தாவது கிலோமீட்டரைப் பார்ப்பார்.

சரோமாவுக்குப் பிறகு நடந்ததை முரகாமி மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவ்வளவு பெரிய ஓட்டத்தை முடித்தவருக்கு ஓட்டத்தில் இருந்த பழைய உற்சாகம் போய்விட்டது. ஒரு மெல்லிய சோகம் வந்து சூழ்ந்துகொண்டது. 'முடியுமா?' என்ற கேள்விக்கு இதைவிட நிச்சயமான பதில் கிடைக்காது. அந்தப் பதில் கிடைத்ததும் அதன் பின்னால் ஒளிந்திருந்த இன்னொரு கேள்வி வெளியே வருகிறது: 'எதற்கு?' இந்த இரண்டாவது கேள்வியோடு முரகாமி அதிகம் மல்லுக்கு நிற்பதில்லை. பழக்கம் என்கிறார், சுபாவம் என்கிறார், தொடர்ந்து ஓடுகிறார்.

அந்தக் கேள்வியை நேராகப் பிடித்தவர் சில்லிடோ. நெடுந்தூரம் ஓடுகிறவனின் தனிமையைத் தலைப்பாகக் கொண்ட அவருடைய கதை 1959இல் வந்தது. 1962இல் டோனி ரிச்சர்ட்ஸன் அதைத் திரைப்படமாக எடுத்தார். ரொட்டிக் கடையில் திருடியதற்காகச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட ஸ்மித் என்ற பையன்தான் கதாநாயகன். பள்ளியின் தலைமை அதிகாரி அவனை நெடுந்தூர ஓட்டத்துக்குப் பழக்குகிறார். கோப்பை தம் பள்ளிக்கு வர வேண்டுமென்பது அவருடைய ஆசை. பனி உறைந்த விடியற்காலைகளில் அவன் தனியே ஓடுகிறான். ஓடும்போதுதான் அவனுக்குத் தெளிவாக யோசிக்க முடிகிறது. பந்தயத்தன்று எல்லாரையும் முந்திக்கொண்டு வருகிறான். முடிவுக் கயிற்றுக்குச் சற்று முன்னால் வேண்டுமென்றே நின்று, மற்றவனை ஜெயிக்க விடுகிறான்.

ஸ்மித்துக்குத் தன் கால்களில் சந்தேகம் வருவதே இல்லை. போலீஸுக்குப் பயந்து ஓடிப் பழகிய குடும்பத்துப் பையன் அவன்! அவனுக்கு உள்ள ஒரே கேள்வி, இந்த ஓட்டம் யாருடையது என்பதுதான். விடியற்கால ஓட்டம் அவனுடையது; கோப்பைக்கான ஓட்டம் அதிகாரியுடையது. அதனால்தான் நின்றுவிடுகிறான். அதற்கான தண்டனையையும் பிற்பாடு அநுபவிக்கிறான். கதையாக எடுத்துக்கொண்டால் முரகாமியின் நூலைவிட இது உயர்ந்த சிருஷ்டி என்பது என் அபிப்பிராயம். ஆனால் கயிற்றுக்கு முன்னால் நிற்கிற உரிமை, கயிறுவரை வர முடிந்தவனுக்குத்தான் உண்டு. இரண்டாவது கிலோமீட்டரில் மூச்சு வாங்குகிறவர் 'எதற்கு?' என்று கேட்டுக்கொண்டு திரும்பினால், அது ஸ்மித்தின் கலகம் ஆகாது. 'முடியுமா?' என்ற பழைய பயமே கொஞ்சம் கௌரவமான சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

அதே சமயம், அந்தக் கேள்வி உண்மையாகவே எழுகிற இடமும் உண்டு. நண்பர்கள் ஓடுகிறார்கள் என்பதற்காகவும், பதக்கத்தோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டுமென்பதற்காகவும் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய சந்தேகம் எந்தப் பயிற்சியாலும் தீராது. அவர்கள் ஸ்மித்திடம்தான் போக வேண்டும்.

பத்துக் கிலோமீட்டருக்குத் தயாராகிறவர் எவரும் என்னைக் கேட்டால், முரகாமியின் கூச்சத்தை முதலில் படியுங்கள் என்பேன்; பிறகு அந்தப் பீரை; பிறகு சரோமாவின் மூன்று மீட்டரை. நடக்கக் கூடாதென்ற அவருடைய வீம்பை அவரிடமே விட்டுவிடுங்கள். பத்தை முடித்துவிட்டு வந்து, கால் வலியோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சில்லிடோவை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் வேண்டாம்.