நாரும் நீரும்

‘என்னப்பா, கயிறு திரிக்கிறாயா?’ என்று கேட்டால் பொய் சொல்கிறாயா என்று அர்த்தம். ஒரு தொழிலின் பெயரையே வசவாக்கிவிட்ட இந்த வழக்கில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. முழ நீள நாரைக் கையில் வைத்துக்கொண்டு முப்பது முழக் கயிற்றை உண்டாக்குகிறவன் இல்லாத நீளத்தைத்தானே உண்டாக்குகிறான்!

எங்கள் அம்மாயி அதைத் தொடையில் வைத்துத்தான் செய்வாள். வேலியோரம் தானாக முளைத்த மரல் மடல்களை அறுத்து வந்து, பலகைமேல் கிடத்தி, ஒரு நுனியைக் கால் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மழுங்கின கத்தியைச் சாய்த்துப் பிடித்து வழிப்பாள். பச்சைச் சதை நுரைத்துக்கொண்டு ஒதுங்கும். அடியில் வெள்ளை வெளேரென்று நார் எழுந்து வரும். அலசி, அரைக் காய்ச்சலாக உலர்த்தி, இரண்டு பங்காகப் பிரித்துக்கொள்வாள். இரண்டையும் தொடைமேல் பக்கம் பக்கமாக வைத்து உள்ளங்கையால் முன்னே உருட்டினால் ஒவ்வொன்றும் தனித்தனிப் புரியாக முறுகும். பிறகு இரண்டையும் சேர்த்துக் கையைப் பின்னுக்கு இழுத்தால், எதிர்த்திசையில் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். புரி வலப்பக்கம் முறுகினால் கயிறு இடப்பக்கம். புரி ஒவ்வொன்றும் தன் முறுக்கை அவிழ்க்கப் பார்க்கிறது. அந்த முயற்சியே மற்றதை இறுக்கிவிடுகிறது. முடிச்சு, பசை எதுவும் வேண்டியதில்லை.

‘ரண்டு புரியும் ஒரே எடத்துல தீரப்படாது கண்ணு’ என்பாள். ஒரு பக்கம் நார் மெலியும்போது அதில் மட்டும் புது நாரைச் செருக வேண்டும். அடுத்த பக்கத்துக்கு நாலு விரற்கடை தள்ளி. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அங்கேதான் அறும். முடித்த கயிற்றின் இரு நுனியையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்ப்பாள். தானாகச் சுழன்று பின்னிக்கொண்டால் முறுக்கு சமமில்லை. சும்மா ஊஞ்சல் போல் தொங்கினால்தான் கன்றுக்குட்டி கட்டக் கொடுப்பாள்.

இந்தக் கலையில் யாரும் தஞ்சாவூர்ப் பாணி என்று பேர் வைத்ததில்லை. ஆனால் பாணிகள் உண்டு, அவற்றைப் பிரித்தது தண்ணீர் என்றே நான் சொல்வேன். குளமும் ஏரியும் உள்ள ஊரில் ஊறப்போடும் வழி வளர்ந்தது. சணப்பையும் புளிச்சையும் அந்த வழியில் வருபவை. தண்டைக் கட்டுக்கட்டாக நீரில் அமிழ்த்திக் கல் ஏற்றி வைப்பார்கள். ஒரு வாரத்தை ஒட்டிப் பட்டை வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். ஒருநாள் தப்பினால் நார் நைந்துபோகும், நாற்றம் ஊரைக் கூட்டும். கேரளத்துக் காயல்களில் தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் ஊறப்போடுவது இதே வழியின் பெரிய உரு.

மானாவாரிக் காட்டுக்காரனுக்கு ஊறப்போட ஏது தண்ணீர்? அவன் பச்சையாகவே வழித்தான். மரலும், பின்னால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து வேலியில் குடியேறிய ஆனைக்கற்றாழையும் அவனுக்கு ஏற்றவை. கற்றாழைச் சாறு பட்டால் கை அரித்துத் தடிக்கும் என்பது வேறு கதை. இரண்டுக்கும் நடுவே தண்ணீரையே பகைக்கும் எருக்கு. அதை ஊறப்போட்டால் நார் கெட்டுவிடும். நேராக வளர்ந்த குச்சியை வெட்டி, ஓரிரு நாள் வாடவிட்டு, பட்டையை உரித்து உள்நாரை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். மெனக்கெட்ட வேலை. கிடைப்பது பட்டுப் போன்ற நார். வில்லுக்கு நாணும் தூண்டிலுக்கு நூலும் அதில் திரித்தார்கள்.

இந்த நார்களை எடை கட்டி இழுத்துப் பார்த்தவர் மதராஸ் மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ராபர்ட் வைட். அவர் கணக்கை ஜான் ஃபோர்ப்ஸ் ராயில் 1855-இல் இந்திய நார்ச்செடிகள் பற்றிய தம் நூலில் சேர்த்தார். தேங்காய் நார்க் கயிறு 224 பவுண்டு தாங்கியது. மரல் 316, கற்றாழை 362. யாரும் நட்டு வளர்க்காத எருக்கு 552! சணப்பைகூட அதன் கிட்டத்தில் வரவில்லை.

ஆனால் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு கடலோரத்தில் பேசினால் சிரிப்பார்கள். கடைசியில் நிற்கும் தென்னங்கயிற்றைத்தான் தோணிக்காரன் கேட்டு வாங்குவான். உப்புநீரில் அது எளிதில் மக்காது. அலை இழுக்கும்போது நீண்டு கொடுக்கும். எருக்கோ நனைந்தே கிடந்தால் போச்சு. கயிறு எத்தனை பவுண்டு தாங்கும் என்பது பாதிக் கேள்விதான். எங்கே, எந்த ஈரத்தில் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் தரம் தெரியும்.

சாத்திரக்காரர்கள் வேறொரு தரம் வைத்தார்கள். மனு நூலில் உபநயன அரைஞாண் அந்தணனுக்கு முஞ்சைப் புல், அரசகுலத்தவனுக்கு மூர்வா நாரில் திரித்த வில்நாண், வணிகனுக்குச் சணல். மூர்வா என்பது மரலின் இனம் என்பார்கள். பெரும்பாணாற்றுப்படையில் மாடு மேய்க்கும் இளைஞன் குமிழங்கொம்பை வளைத்து மரல் நாரை நரம்பாகக் கட்டி யாழ் செய்கிறான். அரசகுலத்தவனின் இடுப்புக்கு என்று ஒதுக்கிய நார் இங்கே இடையனின் பாட்டுக்கு. எனக்கு இடையன் செய்ததே பிடிக்கிறது.

மலையில் கதையே வேறு. அங்கே பட்டைதான் ராஜா. ஆத்தி மரத்துப் பட்டையை உரித்துப் பச்சையாகவே கட்டலாம். வலம்புரிச் செடியின் பட்டையும் கயிறாகும். அதன் காயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதுவே திரித்த கயிறு போல முறுகித்தான் இருக்கும். கொடிகளை முடிந்து ஏணியாக்கிப் பாறைத் தேன் எடுக்க இறங்குகிறவர்கள் நீலகிரிப் பக்கத்தில் உண்டு. மேலே கயிற்றைக் காவல் காப்பவன் மனைவியின் உடன்பிறந்தானாக இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். அக்கா தாலியை அறுக்க மாட்டான் அல்லவா? நாரின் தரத்தைவிடப் பிடிப்பவனின் தரத்தைப் பார்த்த மரபு இது.

பனையேறிகளின் தளைநாரும் நார்க்கட்டிலும் தனிக் கட்டுரைக்கு உரியவை. இங்கே இடம் போதாது.

நைலான் வந்த பிறகு கன்றுக்குட்டிக்கும் பச்சைக் கயிறு, நீலக் கயிறு. மழையில் மக்காது, மலிவு. ஆனால் முடிச்சு நழுவும். மூக்கணாங்கயிறாகப் போட்டால் மாட்டு மூக்கை அறுக்கும். எங்கள் பக்கத்துச் சந்தையில் ஒரு பெரியவர் இன்னும் சணலில் மூக்கணாங்கயிறு திரித்து விற்கிறார். வாங்குகிறவர்கள் நுனியிலிருந்து நுனிவரை விரல் நடுவே இழுத்துப் பார்க்கிறார்கள், பிசிறு குத்துகிறதா என்று.

நான் இப்போது இருப்பது மூன்றாவது மாடி. பால்கனித் தொட்டியில் பாம்புச்செடி என்று நர்சரியில் விற்கிற ஒன்று நிற்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, மரலுக்கு நெருங்கிய சொந்தம். போன மழைக்கு முன் மூன்று மடலை அறுத்து, வெண்ணெய் தடவும் கத்தியால் வழித்துத் திரித்தேன். ஒன்றரை முழம் வந்தது. தொங்கவிட்டுப் பார்த்தேன், இரண்டு சுற்றுச் சுற்றிப் பின்னிக்கொண்டது. கன்றுக்குட்டிக்கு ஆகாது. திரைச்சீலை கட்டியிருக்கிறேன்.