ஆர்னால்டின் பாட்டிற் குறைதற்சொற்கள்

‘எப்’, ‘வேன்’, ‘டுவிண்டில்’, ‘ரிசீட்’ என்னும் ஆங்கிலச் சொற்களைத் தமிழிற் பெயர்க்கப் புகுவார்க்கு முதற்கண் தோன்றுவது ‘குறைதல்’ என்னும் சொல்லே. ஆயின் இவை ஒரு பொருளன அல்ல. ‘எப்’ ஓதநீர் இறங்குதல். ‘வேன்’ மதி தேய்தல். இறங்கிய ஓதம் ஏறும். தேய்ந்த மதி வளரும். எனவே இவ்விரு சொல்லும் மீட்சியைத் தம்முள் அடக்கியன. ‘டுவிண்டில்’ இன்மையை நோக்கியே செல்லும். இலத்தீன் வழிவந்த ‘ரிசீட்’ சிறுத்தலை உணர்த்தாது பின்செல்லுதலையே உணர்த்தும்.

இவ்வேறுபாட்டின் பயனை மாத்யூ ஆர்னால்டு 1867-இல் வெளியிட்ட ‘டோவர் பீச்’ என்னும் பாட்டிற் காணலாம். சமயநம்பிக்கையைக் கடலாக உருவகித்து, அஃது உலகின் கரைகளை விட்டு அகல்வதாக அவர் பாடினார். கடலோ நாடோறும் ஏறத்தாழ இருமுறை இறங்கி இருமுறை ஏறுவது. அங்ஙனமாயின் நம்பிக்கையும் மீளும் என்பது உருவகத்தின் உட்கிடையோ?

அன்று என்பதே எம் துணிபு. ‘எப்’ என்னும் சொல் அப்பாட்டில் உளது. எனினும் நம்பிக்கைக்கு அன்று. ஈஜியன் கடலோரத்தில் சோபோகிளீசு எண்ணிய மாந்தர் துன்பத்திற்கே, ஏறுதலைக் குறிக்கும் ‘ஃபுளோ’வோடு இணைந்து அது வருகின்றது. துன்பம் தணியும், மீளவும் பெருகும். நம்பிக்கைக்குப் புலவர் ஆண்டவை ‘வித்டிரா’, ‘ரிட்ரீட்’ என்பன. முன்னது ஆங்கிலத்தின் சொந்தச் சொல். பின்னது பிரெஞ்சு வழிவந்தது. இரண்டற்கும் அடிப்பொருள் பின்னிழுத்தலே. களம் விட்டகலும் படைக்கும் இவை வழங்கும். ஓதம் மீளுதல் இயற்கை. படை மீளுதல் அத்தகையதன்று. நம்பிக்கைக் கடல் ஒருகாலத்து நிறைந்திருந்தது என்னுமிடத்து ஓதத்தின் சாயல் உண்மையை யாம் மறுத்திலம்; எம் கொள்கைக்கு அது சிறிது இடரே. எனினும் இறக்கத்தைக் கூறவேண்டிய இடத்தில் ‘எப்’ வாராமை கருதத்தக்கது.

தொல்காப்பிய உரியியல் ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய்தல் என்னும் நான்கையும் உள்ளதன் நுணுக்கம் என ஒருங்கு கூறிற்றே, பெயர்ப்பிற்கும் ஒரு சொல் அமையாதோ எனின், அமையாது. உரியியல் வெளிப்படையல்லாத சொற்குப் பொருளுணர்த்தப் போந்தது. அவை எவ்விடத்தும் தம்முள் மாறிநிற்கும் என விதித்ததன்று.

இப்பாட்டைப் பெயர்ப்பார் ‘வடிதல்’ என்பதையும் இருகால் எண்ணியே ஆளவேண்டும். வெள்ளம் வடிதற்கும் அச்சொல் உரித்தாகலின் மீட்சி அதன்கண் தோன்றாது. துன்பத்திற்கு ‘ஏற்றவற்றம்’ என்னும் இணைமொழியும், நம்பிக்கைக்குப் ‘பின்வாங்குதல்’ என்பதும் பொருந்தும்.