பெட்டியின் சாரீரம்

வித்வான்களை விமரிசிக்க நம் ஊரில் ஆள் பஞ்சமில்லை. மார்கழி பிறந்தால் மயிலாப்பூரில் சபா காண்டீனின் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சுப்புடு உட்கார்ந்திருப்பார். மீதிப் பதினோரு மாதமும் அதே வித்வான்களை வீட்டில் பாட வைக்கிற பெட்டியை மட்டும் எவரும் விமரிசிப்பதில்லை. விலையைக் கேட்கிறோம், வாட்டைக் கேட்கிறோம், பெட்டியைக் கேட்பதில்லை.

ரிச்சி தெருவிலோ தியாகராய நகரிலோ கடைக்குள் நுழைந்தால், பையன் ஒரு சினிமாப் பாட்டை முடுக்குவான். தரை அதிரும். "பாஸ் எப்படி சார்?" என்பான். நெஞ்சில் குத்துகிற எதுவும் கம்பீரமாகத்தான் தோன்றும். இரண்டு பெட்டிகளை அடுத்தடுத்துக் கேட்டால், சற்று உரக்கக் கத்துவதே உயர்ந்தது என்று காது தீர்ப்பளித்துவிடும். இந்தப் பலவீனம் விற்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகையால் இரண்டையும் ஒரே அளவுக்கு, அதுவும் வீட்டில் கேட்கிற அளவுக்குத் தணிக்கச் சொல்ல வேண்டும்.

சென்ற வருஷம் அடையாற்று நண்பர் ஒருவருடன் பெட்டி வாங்கப் போயிருந்தேன். காலமான தம் தாயார் பாடிய பழைய காஸெட்டை டெலிபோனில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். முதல் பெட்டியின் அட்டையில் ஆயிரக்கணக்கில் வாட் போட்டிருந்தது. (பி.எம்.பி.ஓ. என்கிற அந்தக் கணக்கு விளம்பரக்காரர்களின் கற்பனை. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். ஹாலில் நிதானமாகக் கேட்க ஒன்றிரண்டு வாட்டே பெரும்பாலும் போதும்.) அதில் அந்த அம்மாள் கிணற்றுக்குள்ளிருந்து பாடினார். அடுத்ததில் மூக்கால் பாடினார். மூன்றாவது, பார்வைக்கு அசடான ஒரு மரப்பெட்டி, விலையும் குறைவு. அதில் வரி முடிவில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. பின்னால் யாரோ பாத்திரம் வைக்கிற ஓசையும் கேட்டது. நண்பர் பேரம் பேசவே மறந்துவிட்டார்.

இப்படி ஒரு பதிவு இல்லாதவர்களுக்கு எம்.எஸ். இருக்கிறார். 1963-ல் வெளியான வேங்கடேச சுப்ரபாதம் நம் வீடுகளில் பாதிப் பேருக்கு மனப்பாடம். தெரிந்த குரலைக் கொண்டுதான் தெரியாத பெட்டியை எடைபோட முடியும். கூடப் பாடும் ராதாவின் குரல் தனியே தெரிகிறதா, அல்லது இரண்டும் ஒரே கூழாகிவிட்டனவா என்று பாருங்கள். பிறகு ஏதாவது ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டு, பாடகர் நிறுத்தும் இடங்களில் தம்புராவைத் தேடுங்கள். மிருதங்கத்தில் தொப்பியின் கும்காரம் வலந்தலையை விழுங்கினால், எழுந்து வந்துவிடலாம்.

பில் போடும் நேரத்தில் தங்க முலாம் பூசிய கம்பியை நீட்டுவார்கள். தங்கம் களிம்பு பிடிக்காது, வாஸ்தவம். அதனால் யார் சாரீரமும் இனிக்காது. பத்தடி தூரத்துக்கு, ஓரளவு தடித்த சாதாரணச் செப்புக் கம்பி போதும். மிஞ்சும் பணத்தில் கனத்த திரைச்சீலையும் ஜமக்காளமும் வாங்கலாம். வெறும் சுவரும் வழவழத் தரையும் உள்ள ஃபிளாட்டில் எந்தப் பெட்டியும் எதிரொலிக்கத்தான் செய்யும்.

பெட்டியை மூலையில் செருகினால் பாஸ் வீங்கிப்போகும். சுவரிலிருந்து ஓரிரண்டு அடி தள்ளி, உட்கார்ந்தவர் காது உயரத்தில் வையுங்கள். அந்த இடத்தில் இப்போது இருக்கும் கொலுப் பொம்மைகளுக்கு வேறு இடம் பார்ப்பது உங்கள் சாமர்த்தியம்.