குருமார் கல்வியும் மக்கள் மொழியும்

கிறிஸ்தவ குருமாரையும் சமய ஆசிரியரையும் உருவாக்கும் உயர்கல்வி திருச்சபையின் மதில்களுக்குள் அடங்கிய விடயம் என நம்மிற் பலர் கருதுவதுண்டு. அக்கருத்து நமக்கு உடன்பாடன்று. ஞாயிறுதோறும் உழைக்கும் மக்கள் முன்னே நின்று பேசும் ஒருவர் எதைக் கற்றார், எம்மொழியிற் கற்றார், கற்றவற்றை எவர் பொருட்டுப் பயன்படுத்துகின்றார் என்பன சமுதாயம் முழுவதையும் சார்ந்த வினாக்களாகும்.

இவ்வினாக்களுக்கு விடைகாண முயல்வோர் வட்டுக்கோட்டைச் செமினரியிலிருந்து தொடங்குதல் தகும். அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டில் அதனை நிறுவினர். சுதேச போதகரையும் ஆசிரியரையும் பயிற்றுதல் அதன் தலையாய நோக்கங்களுள் ஒன்று. எனினும் ஆங்கிலம், கணிதம், வானியல் ஆகியவற்றுடன் தமிழ் இலக்கிய இலக்கணங்களும் அங்கு கற்பிக்கப்பட்டன. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கு கற்றவரே. அதிபராயிருந்த ஹொய்சிங்டன் சிவஞானபோதம் முதலிய சைவ சித்தாந்த நூல்களை ஆங்கிலப்படுத்தி 1854இல் வெளியிட்டார். மறுக்க வந்த சமயத்தையும் அதன் மூலநூல்களிலேயே கற்கவேண்டும் என்ற நேர்மை அக்கலைக்கூடத்தில் இருந்தது.

1855இல் செமினரி மூடப்பட்டது. மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சனின் வருகையை ஒட்டி எடுக்கப்பட்ட முடிபு அது. ஆங்கிலம் கற்ற மாணவர் கிராமச் சபைகளை நாடாது அரசாங்க உத்தியோகத்தை நாடினர் என்றும், கிராமப் போதகருக்குத் தாய்மொழிக் கல்வியே ஏற்றது என்றும் காரணம் கூறப்பட்டது.

தாய்மொழியின் பெயரால் எடுக்கப்பட்ட முடிபு என்பதனால் நாம் அதனை வரவேற்றுவிட முடியாது. மாணவரைக் கிராமத்திலிருந்து பிரித்தது குடியேற்ற ஆட்சி ஆங்கிலத்துக்கு வைத்திருந்த விலையாகும். அவ்விலையை உண்டாக்கிய அமைப்பை விட்டுவிட்டு, கல்விக்கூடத்தின் கதவை அடைத்தமை நோயை விட்டு நோயாளியைத் தண்டித்தது போலாயிற்று. அன்றியும், தாய்மொழிக் கல்வி என்றால் சுருங்கிய கல்வி என்ற எண்ணமும் அம்முடிபினுள் மறைந்து கிடந்தது. உயர்ந்த அறிவுக்கு ஆங்கிலம், பணிவான ஊழியத்துக்குத் தமிழ் என்பதே அதன் உட்பொருள். இஃது எத்துணைப் பிழையென்பதை அதே மிஷனைச் சேர்ந்த வைத்தியர் கிறீன் சில ஆண்டுகளிலேயே செயலில் காட்டினார். 1860களில் மானிப்பாயில் அவர் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். உடலைப் பற்றிய அறிவியலைத் தாங்கிய மொழி ஆன்மாவைப் பற்றிய தத்துவத்தைத் தாங்காதா?

கத்தோலிக்கரின் நிலையும் இதனினின்று பெரிதும் வேறுபட்டிருக்கவில்லை. பாப்பரசர் பதின்மூன்றாம் லியோவின் ஆணையால் 1893இல் கண்டி அம்பிட்டியாவில் தோன்றிய குருமடம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் குருமாரை ஆக்கியது. 1955இல் அது புனேக்கு மாற்றப்பட்டது. அங்கு தத்துவமும் இறையியலும் இலத்தீனிற் கற்பிக்கப்பட்டன. தமிழாராய்ச்சியை உலக அரங்குக்குக் கொண்டுசென்ற தனிநாயகம் அடிகள் உரோமையில் இறையியல் உயர்கல்வியை முடித்து, 1938இல் குருவாகிய பின்னரே தமிழை முறையாகக் கற்றார். அதற்கென 1940களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அவருடைய பெருமுயற்சி போற்றற்குரியது. ஆயினும் ஒரு தமிழ்க் குரு தம் மக்களின் இலக்கியத்தை அடையத் தம் குருத்துவக் கல்விக்கு அப்பால் தேடிச்செல்ல நேர்ந்தமை அக்கல்வியின் குறையையே காட்டுகின்றது.

நிலைமை பின்னர் மாறத் தொடங்கியது. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்த சபைகள் ஒன்றுகூடி 1963இல் பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரியை நிறுவின. அங்கு சிங்களமும் தமிழும் போதனாமொழிகளாயின. 1969இல் மதுரை அரசரடியில் அமைந்த தமிழ்நாடு இறையியல் கல்லூரி பட்டப்படிப்பையே தமிழில் நடத்தலாயிற்று. வட்டுக்கோட்டையில் 1855இல் கைவிடப்பட்ட பணி ஒரு நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் தொடங்கியது எனலாம்.

ஆயினும் மொழி மாறியதால் மட்டும் கல்வி மக்கள் கல்வி ஆகிவிடாது. வட்டுக்கோட்டையிற் கற்றோரில் மிகப் பெரும்பாலோர் வேளாளர் என்பதை நாம் மறத்தலாகாது. சாதியின் சுவர் பள்ளியறைக்குள்ளும் தேவாலயத்துக்குள்ளும் நின்றது. ஜேர்மனியிலும் ஸ்கொத்லாந்திலும் எழுந்த வாதங்களைத் தமிழாக்கி ஒப்புவிக்கும் மாணவர், தம் ஊர்க் கிணற்றில் எவர் நீரள்ளத் தடுக்கப்பட்டார் என்பதையும், மலையகத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவளின் நாட்கூலி யாது என்பதையும் இறையியல் வினாக்களாகக் கொள்ளாராயின், அவர் கற்ற தமிழாற் பயன் என்ன?

எனவே குருமார் கல்வியை மதிப்பிடுவோர் அது வழங்கும் பட்டங்களை எண்ணுவதோடு அமைதியுறல் கூடாது. உயர்ந்த அறிவைக் குறைவின்றி மக்கள் மொழியில் தருகின்றதா, ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கும் அதன் வாயில் திறந்துள்ளதா, கற்றவரை மக்களிடமே திருப்பி அனுப்புகின்றதா என்னும் மூன்றையும் கேட்டல் வேண்டும். பாடசாலைகளில் தமிழ் கற்பிக்கும் நாமும் இக்கேள்விகளுக்கு விலக்கானவர்கள் அல்லர்.