மேஜரின் வெட்கம்

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறிலும் வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். அங்கே வளர்ந்தவர்களுக்கு 2020இல் வந்த ‘வரனே ஆவஷ்யமுண்டு’ படத்துக்கு வசனவரிகள் தேவையில்லை. மலையாளப் படம்தான், கதை நடப்பது சென்னை அடுக்குமாடியில். இயக்கம் அனூப் சத்யன். சத்யன் அந்திக்காட்டின் மகன்.

கணவரைப் பிரிந்து மகளோடு வாழும் நீனாவாக ஷோபனா. அதே குடியிருப்பில் ஓய்வுபெற்ற மேஜர் உண்ணிகிருஷ்ணனாக சுரேஷ் கோபி. ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தில் கணவன் மனைவியாக வந்த ஜோடியேதான், ஆனால் அந்த நினைப்பே வரவில்லை. கோபத்துக்கு டாக்டரிடம் போகிற மேஜர், பிறந்தநாள் விருந்தில் நாலு பேர் முன்னால் பேச எழுந்ததும் தடுமாறுகிறார். போலீஸ் வேடங்களில் பக்கம் பக்கமாக வசனம் பொழிந்த சுரேஷ் கோபியின் வாய்! அந்தத் திணறலைக் கேட்கும் ஷோபனாவின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்: கண் முதலில் சிரிக்கும், உதடு பிறகு.

துல்கர் சல்மானும் மகளாக நடிக்கும் கல்யாணியும் வரும் பகுதி சுமார்தான். அம்மாவின் காதலைக் கண்டு மகள் முகம் சுளிப்பது மட்டும் அசல். நம் வீடுகளில் கல்யாணத்தில் கணக்குக் கேட்பவர்கள் பெற்றோர். இங்கே மகள் கேட்கிறாள், அம்மா பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.