சிஜேவின் தெருவும் எங்க தெருவும்

2007-ல் எனக்குப் பதினோரு வயசு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு நெட் சென்டர், மணிக்கு 10 ரூபாய். அங்கேதான் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்' விளையாடினேன். 2004-ல் வெளிவந்த விளையாட்டு அது. மூன்று நகரங்கள், காடு, மலை, பாலைவனம் என்று விரிந்து கிடக்கும். ஆனாலும் நான் சுற்றிச் சுற்றி க்ரோவ் ஸ்ட்ரீட்டுக்கே வந்து நிற்பேன். என் நிறத்தில் ஒரு நாயகனை அங்கேதான் முதலில் பார்த்தேன்.

கதை நடப்பது 1992-ல். அம்மா கொல்லப்பட்ட சேதி கேட்டு ஐந்து வருஷம் கழித்து ஊர் திரும்புகிறான் சிஜே என்கிற கார்ல் ஜான்சன். வழியிலேயே போலீஸ் மறிக்கிறது. பணத்தைப் பிடுங்குகிறது. ஒரு கொலையை உன் தலையில் கட்டுவோம் என்கிறது. எதிரிக் கும்பலின் ஏரியாவில் தள்ளிவிட்டுப் போகிறது. அவன் ஒரு சைக்கிளை எடுத்து மிதிக்கிறான். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்க அண்ணனை ரோட்டில் நிறுத்தி, 'வண்டி யாருதுடா?' என்று கேட்டபோது பக்கத்தில் நின்றவன் நான்.

கடைசியில் டென்பெனி என்ற அந்தப் போலீஸ் அதிகாரி விடுதலையாகிறான். நகரம் பற்றி எரிகிறது. இது வெறும் கற்பனையல்ல. 1991-ல் ராட்னி கிங் என்ற கறுப்பரை லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் அடித்து நொறுக்கியது வீடியோவில் பதிவானது. பெரும்பாலும் வெள்ளையர்களைக் கொண்ட ஜூரி, 1992 ஏப்ரல் 29 அன்று அந்தப் போலீஸ்காரர்களை விடுவித்தது. தொடர்ந்த கலவரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

விளையாட்டில் இந்தக் கோபம் என்னவாகிறது? டி.வி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களாக, எரியும் கார்களாக, நாம் சுட்டுக்கொண்டே கடக்கிற பின்னணியாகிறது. தீர்ப்பின் அநீதியைச் சரியாகக் காட்டிய பிரதி, அதற்குப் பதிலாகத் தனிமனிதப் பழிவாங்கலை மட்டுமே தருகிறது. பெண்களையும் சொல்லணும். அம்மா தொடக்கத்திலேயே செத்தாச்சு. காதலிகளுடைய அன்பை நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண்ணாக எண்ணுகிறது.

ஸ்காட்லாந்தில் உருவான விளையாட்டு என்று சொல்லித் தள்ளிவிடவும் முடியாது. கதை எழுதிய மூவரில் ஒருவர் டி.ஜே. பூ, லாஸ் ஏஞ்சலஸ் கறுப்பர். அந்தத் தெருப்பேச்சில் உயிர் இருக்கிறது. எழுதுகிற கை நம்முடையதாக இருந்தால் மட்டும் போதாது, கதை எந்த அச்சில் வார்க்கப்படுகிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

சென்டரில் ஊர்ப் பையன்கள் என்னை 'டேய் சிஜே' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ஒருநாள் ஒருத்தன் பர்ஸைக் காணோம் என்றான். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். 'சிஜே, எடுத்தியா?' பர்ஸ் அவன் பையிலேயே இருந்தது. பிறகு யாரும் ஒண்ணும் சொல்லவில்லை, விளையாட உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒரே திரையைத்தான் நாங்க எல்லாரும் பார்த்தோம். நான் பார்த்தது போலீஸிடம் பணத்தைப் பறிகொடுத்தவனை. அவர்கள் பார்த்தது திருடனை. இரண்டுக்கும் அந்த விளையாட்டில் இடமிருந்தது என்பதுதான் அதன்மேல் என் புகார். அந்தச் சைக்கிள் காட்சிக்காக இன்னமும் எனக்கு அதைப் பிடிக்கும்.