நீல் சிலையை இறக்கியது சரிதானா?

1857 எழுச்சி அடங்கிய சில ஆண்டுகளிலேயே சென்னை மவுண்ட் ரோட்டில், ஸ்பென்சர் அருகே, ஜேம்ஸ் நீலுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் என்ற ஐரோப்பியப் படைப்பிரிவின் தளபதி அவர். 1857 செப்டம்பர் 25 அன்று லக்னோவில் சுடப்பட்டு இறந்தவர். சிலையை வடித்தவர் மேத்யூ நோபிள். அதே நோபிள் வடித்த இன்னொரு நீல், ஸ்காட்லாந்தில் அவர் பிறந்த இடத்துக்கு அருகிலுள்ள ஏர் நகரத்தில், நீதிமன்றம் இருக்கும் வெலிங்டன் சதுக்கத்தில் இன்றும் நிற்கிறார். சென்னை நீல் மட்டும் 1937இல் இறக்கப்பட்டார். இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். கோட்டூர்புரத்திலிருந்து அண்ணா சாலை வழியாக எழும்பூர் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த விவரம் தெரியும்?

இறக்கியது சரிதானா என்று கேட்டால் தேசபக்தியை வைத்துப் பதில் சொல்லிவிடலாம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சிலைகள் வரிசையாக விழத் தொடங்கிய பிறகு அந்தப் பதில் போதவில்லை. எதை எடுக்கலாம், எதை விடலாம் என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டியிருக்கிறது.

முதலில் நீல் என்ன செய்தார் என்று பார்ப்போம். 1857 ஜூனில் காசியிலும் அலகாபாத்திலும் விசாரணை என்ற பெயருக்குக்கூட இடமில்லாமல் ஆட்கள் தூக்கிலிடப்பட்டார்கள். கான்பூர் நோக்கி மேஜர் ரெனோவை அனுப்பியபோது, வழியிலிருந்த சில கிராமங்களைக் குறித்துக்கொடுத்து, ஆண்களைக் கொன்று ஊரை அழிக்கச் சொன்னார் நீல். கான்பூரில் அவர் போட்ட ஆணை இன்னும் கொடியது. பீபிகர் என்ற வீட்டில் கொல்லப்பட்ட ஐரோப்பியப் பெண்கள், குழந்தைகளின் ரத்தக்கறையைக் கைதிகள் சுத்தம் செய்ய வேண்டும், மறுத்தால் கசையடி, அதன் பிறகு தூக்கு. சாதி ஆசாரத்தைக் குலைத்து, செத்த பிறகும் கதியில்லை என்று அவர்களை நம்பவைப்பதே நோக்கம். அதை அவர் தம் கடிதங்களில் மறைக்கவும் இல்லை.

நீலுக்காக வாதாடுகிறவர்கள் உடனே பீபிகரைக் காட்டுவார்கள். அங்கே ஏறக்குறைய 200 பெண்களும் குழந்தைகளும் வெட்டிக் கொல்லப்பட்டது உண்மை. அந்தக் கொடுமைக்கு நம் பக்கத்திலிருந்து எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. ஆனால் அது நடந்தது ஜூலை 15. அலகாபாத் தூக்குகளும் ரெனோவுக்குக் கொடுத்த கட்டளையும் அதற்கு முந்தியவை. மே மாதமே மீரட்டிலும் டெல்லியிலும் ஐரோப்பியப் பெண்கள் கொல்லப்பட்டிருந்தார்களே என்றால், அதற்கு அலகாபாத் சாலையோரக் கிராமத்து விவசாயி எப்படிப் பொறுப்பாவான்? பழிக்குப் பழி என்ற வாதம் தேதியிலேயே இடறுகிறது.

அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்து நீதியால் அளக்கலாமா என்பது அடுத்த வாதம். இது கொஞ்சம் கனமானது. ஆனால் அதே 1857 ஜூலை 31 அன்று கவர்னர் ஜெனரல் கானிங், கண்மூடித்தனமான தண்டனைகளைக் கட்டுப்படுத்தி ஓர் ஆணை பிறப்பித்தார். அதற்காக அவருடைய நாட்டுக்காரர்களே ‘கருணை கானிங்’ என்று கேலி செய்தார்கள். ஆக, நீல் செய்தது வரம்பு மீறல் என்பது அந்தக் காலத்திலேயே, அதே அரசாங்கத்தின் உச்சியிலேயே தெரிந்திருந்தது. தெரிந்தும்தான் சந்தா வசூலித்துச் சிலை வைத்தார்கள்.

கடைசி வாதம்: நீலை எடுத்தால் மன்றோவையும் எடுக்க வேண்டாமா? சர் தாமஸ் மன்றோவும் கம்பெனிப் படைவீரர்தான், மைசூர்ப் போர்களில் சண்டையிட்டவர்தான். 1839 முதல் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். தீவுத்திடல் பக்கம் போனால் பார்க்கலாம். 1927இல் சென்னையில் சிலையை அகற்றப் போராடியவர்கள் குறிவைத்தது நீலை, மன்றோவை அல்ல. இது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன். மன்றோவுக்குச் சிலை மெட்ராஸ் ஆளுநராக அவர் செய்த நிர்வாகத்துக்காக. நீலின் பீடமோ, வங்கத்தில் கிளர்ச்சி வெள்ளத்தை முதலில் தடுத்தவர் என்று புகழ்ந்தது. எப்படித் தடுத்தார் என்பதை மேலே பார்த்தோம். ஒரு மனிதரின் எல்லாப் பாவங்களையும் கூட்டிப் பார்த்தால் எந்தச் சிலையும் மிஞ்சாது. பீடம் எந்தச் செயலைப் போற்றுகிறது என்பதுதான் கேள்வி. நீல் விஷயத்தில் குற்றமும் புகழும் ஒன்றே.

இந்த அளவுகோல் எல்லா இடத்திலும் இவ்வளவு எளிதாக வேலை செய்யாது. அமெரிக்காவின் வட கரோலினாவில், டர்ஹம் நகரின் பழைய நீதிமன்றத்துக்கு முன்னால் உள்நாட்டுப் போரின் தென்தரப்புச் சிப்பாய் ஒருவரின் சிலை இருந்தது. சாம்பல் நிறச் சீருடை அணிந்த பையன்களின் நினைவாக என்றுதான் அதன் பீடம் சொன்னது. அது துக்கத்தின் மொழி. ஆனால் வைத்த ஆண்டு 1924, போர் முடிந்து 59 ஆண்டுகள் கழித்து. அடிமைகளின் பேரப்பிள்ளைகள் நியாயம் கேட்டு ஏறவேண்டிய படிக்கட்டுக்கு முன்னால். அங்கே எழுத்தைவிட இடமும் காலமும்தான் குற்றவாளிகள். இத்தகைய சிலைகளை அகற்ற முடியாதபடி 2015இல் மாநிலம் சட்டம் போட்டது. 2017 ஆகஸ்டில் கூட்டம் கயிறு கட்டி இழுத்துத் தள்ளியது.

சென்னையிலும் முதலில் கதவு மூடித்தான் இருந்தது. 1927 ஆகஸ்டில் சோமயாஜுலு என்பவர் தலைமையில் நீல் சிலைக்கு எதிராகச் சத்தியாகிரகம் தொடங்கியது. மதுரையிலிருந்து வந்த முகமது சாலியாவும் சுப்பராயலுவும் சிலையை உடைக்கப் போய்ச் சிறைக்குப் போனார்கள். கடலூர் அஞ்சலையம்மாள் சிறுமியான மகள் அம்மாக்கண்ணுவோடு வந்து கைதானார். அந்தச் சிறுமியைத்தான் பின்னர் காந்தி லீலாவதி என்று பெயரிட்டு வார்தாவுக்கு அழைத்துப் போனார். சட்டசபையில் தீர்மானம் தோற்றது. காங்கிரஸ் தலைமையின் ஆதரவு அரைமனதாகவே இருந்தது. சைமன் கமிஷன் வந்ததும் கவனம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. உண்மையைச் சொன்னால், சிலையை இறக்கியது சத்தியாகிரகம் அல்ல, 1937 தேர்தலில் வென்று வந்த ராஜாஜி அரசு. ஆனால் பத்தாண்டு முன்பு நீலின் பெயரைத் தெருத்தெருவாகக் கொண்டுபோனவர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. அந்தமானில் நீல் தீவு என்ற பெயர் 2018 வரை யாரையும் உறுத்தாமல் நீடித்ததே அதற்குச் சாட்சி.

என் தீர்ப்பு இது. சிலையை இறக்கியது சரி. உருக்காமல் வைத்தது அதைவிடச் சரி. ஆனால் அருங்காட்சியகம் பழைய பொருள்களைப் போட்டு வைக்கும் கிடங்கு அல்ல. பிரிஸ்டலில் 2020இல் துறைமுகத்தில் தள்ளப்பட்ட அடிமை வணிகர் கோல்ஸ்டனின் சிலையை, மேலே பூசிய சாயத்தோடு படுத்த நிலையிலேயே காட்சிக்கு வைத்தார்கள். அங்கே பார்வையாளர் பார்ப்பது சிலையை மட்டுமல்ல, அதன் வீழ்ச்சியையும்தான். எழும்பூர் நீலுக்குப் பக்கத்திலும் அலகாபாத்தில் நடந்தது, கானிங்கின் ஆணை, அஞ்சலையம்மாள், சாலியா, சுப்பராயலு பெயர்கள் எல்லாம் தமிழில், பள்ளிப் பிள்ளைகள் வாசிக்கும் எழுத்தில் இருக்க வேண்டும். அப்படி இல்லாத வரை 1937இல் தொடங்கிய வேலை பாதியிலேயே நிற்கிறது.